கம்பியும் விசையும்

(உரைநடை – அறிவியல் தமிழ்)

நுழையும்முன்

இசைக்குழு என்றால் பலர் ஓரிடத்தில் கூடி இசைப்பது என்பதே நெடுங்கால வழக்கம். இன்று ஒருவர் தம் வீட்டு அறையில் அமர்ந்து கிட்டாரை மீட்டிப் பதிவுசெய்து, தம்மிடம் இல்லாத பியானோவின் ஒலியையும் அதனுடன் சேர்த்துவிட முடிகிறது. இது எவ்வாறு இயலுகிறது? கணினி எதை நினைவில் வைத்துக்கொள்கிறது? எதை மனிதரின் செவிக்கே விட்டுவிடுகிறது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

தனித்து நின்ற கிட்டார்

ஷில்லாங் நகரில் பயிலும் இரு மாணவியரை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி கிட்டார் வாசிப்பாள். மற்றவள் கீபோர்டு வாசிப்பாள். இருவரும் சேர்ந்து மூன்று நிமிட மெட்டு ஒன்றை உருவாக்கினர். பள்ளி ஆண்டுவிழாவில் அதனை இசைக்கவும் எண்ணினர். அதற்குள் கீபோர்டு வாசிப்பவளின் தந்தைக்கு ஜோத்பூருக்குப் பணிமாற்றம் வந்தது. தோழியோடு கீபோர்டும் வண்டி ஏறியது. எஞ்சியவை கிட்டாரும் பாதி மெட்டும் வீட்டில் இருந்த ஒரு மடிக்கணினியுமே.

மத்தியப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலருக்கு இத்தகைய பிரிவு புதியதன்று. எனினும் அந்த மெட்டு பாதியிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. கிட்டாரின் ஒலியைக் கணினியில் பதிந்து, மென்பொருளின் உதவியால் கீபோர்டின் ஒலியை அதனுடன் சேர்க்கலாம். அதற்கு முன்பு, இவ்வசதி எவ்வழியாக வந்தது என்பதை அறிதல் நன்று.

ஒருவரே பலராதல்

அமெரிக்கக் கிட்டார் கலைஞரான லெஸ் பால் (1915–2009) 1948இல் 'லவர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் எட்டுக் கிட்டார் பகுதிகள் ஒலித்தன. எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே. பதிவு நடந்த இடம் அவரது வீட்டுக் கார்க் கொட்டகை. முதற்பகுதியை ஒரு தட்டில் பதிவார். அதனை ஒலிக்கவிட்டு, உடன் வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிவார். இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்த்துச் செல்வார்.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. ஒவ்வொரு படியெடுப்பிலும் முந்தைய ஒலிகள் மங்கின, இரைச்சல் கூடியது. இறுதி அடுக்கில் ஒரு விரல் பிழைத்தால் முன்பு செய்த உழைப்பும் வீணாயிற்று. பிற்காலத்தில் ஒரே நாடாவில் பல தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி வந்தது. எட்டுத் தடங்கள் கொண்ட அத்தகைய கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் லெஸ் பாலுக்கு வழங்கியது. இன்றைய மென்பொருளின் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும் தடங்கள் அந்நாடாத் தடங்களின் வழிவந்தவையே. ஒன்றைத் திருத்தினாலும் மற்றவை குலைவதில்லை.

இந்தியாவிலும் வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக் கூடங்கள் பெரும்பயன் விளைவித்துள்ளன. கீபோர்டு கலைஞராக விளங்கிய ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். 1992இல் வெளியான 'ரோஜா' திரைப்படத்தின் இசை அங்கே உருவானது.

விசைக்குள் அடங்கிய ஒலி

ஒரு விசையை அழுத்தினால் வேறொரு கருவியின் ஒலி எழவேண்டும் என்ற எண்ணமும் கணினிக்கு முந்தியது. 1960களில் இங்கிலாந்தில் 'மெல்லோட்ரான்' என்னும் கருவி செய்யப்பட்டது. அதன் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு காந்த நாடா இருந்தது. புல்லாங்குழல், வயலின் முதலிய கருவிகளை உண்மையான கலைஞர்கள் வாசித்த ஒலி அந்நாடாவில் பதிந்திருந்தது. விசையை அழுத்தினால் நாடா ஓடும், ஒலி எழும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு நொடிகளுக்கே போதுமாதலின், அதன்பின் விசையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஒலி நின்றுவிடும்.

இன்று மென்பொருளில் உள்ள மெய்நிகர் பியானோக்களுள் பல இதே நெறியைப் பின்பற்றுகின்றன. உண்மையான பியானோ ஒன்றின் சுரங்களை மெதுவாகவும் நடுத்தரமாகவும் வலுவாகவும் தட்டிப் பதிந்துவைக்கின்றனர். பயனர் ஒரு விசையை அழுத்தும்போது, அழுத்தத்திற்கு ஏற்ற பதிவு ஒலிக்கிறது. இவ்வாறு சேமித்துவைத்த ஒலித்துணுக்கை 'சாம்பிள்' என்பர். வேறு சில மென்பொருள் கருவிகள் பதிவு எதனையும் பயன்படுத்தாமல், கணக்கீட்டின் வழியாகவே ஒலியைப் படைத்துக்கொள்கின்றன.

ஒலியும் குறிப்பும்

கிட்டாரையும் மெய்நிகர் கீபோர்டையும் கணினி ஒரே வகையில் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

கிட்டாரின் கம்பி அதிரும்போது காற்று அதிர்கிறது. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. கணினி அம்மின்னலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பதிய, அதன் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும். ஆதலின் இந்த எண்ணிக்கை பொருந்துகிறது. ஓர் அளவுக்கு இரண்டு பைட்டு எனக் கொண்டால், மூன்று நிமிடக் கிட்டார் பதிவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 59 இலட்சம் பைட்டுகள் தேவைப்படும்.

கீபோர்டு தடத்தில் நிகழ்வது வேறு. அங்கே கணினி ஒலியைப் பதிவதில்லை. வாசித்த செயலையே குறித்துக்கொள்கிறது. எந்த விசை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பனவே அக்குறிப்பு. இதற்கான பொதுமொழி 'மிடி' எனப்படும். 1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கீபோர்டு மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாதிருந்தது. ஜப்பானைச் சேர்ந்த இக்குதாரோ காக்கேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் பிறரும் முயன்று இக்குறையை நீக்கினர். 1983 சனவரியில், இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் மிடி வடத்தால் இணைக்கப்பட்டு முதன்முதலாகப் பொதுவில் இசைத்துக் காட்டப்பட்டன. இப்பணிக்காக 2013இல் அவ்விருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது அளிக்கப்பட்டது.

மிடியில் ஒவ்வொரு சுரத்திற்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. பியானோவின் நடு 'சி' சுரம் 60. கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 40. மிக உயர்ந்த கம்பி 64. அழுத்தத்தின் அளவும் 127 வரை எண்ணால் குறிக்கப்படும். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லவும் நிறுத்தச் சொல்லவும் மும்மூன்று பைட்டுகளே போதும். எனவே மூன்று நிமிட வாசிப்பு முழுவதும் சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கிவிடுகிறது.

இவ்வேறுபாட்டினால் விளையும் பயன் பெரிது. கிட்டார் பதிவு புகைப்படம் போன்றது. எடுத்தபின் பெரிதாக மாற்ற இயலாது. மிடிக் குறிப்பு சமையல் குறிப்பைப் போன்றது. உப்பைக் குறைத்து எழுதி மீண்டும் சமைக்கலாம். பியானோவாக ஒலித்ததை ஆர்கனாக மாற்றலாம். பிழைத்த ஒரு சுரத்தை மட்டும் நகர்த்தலாம். கீபோர்டு கிட்டாருக்காக வளைந்துகொடுக்கும்; கிட்டார் கீபோர்டுக்காக எளிதில் வளையாது. ஆதலின் முதற்கவனம் கிட்டாருக்கே உரியது.

முதலில் கிட்டார்

மெய்நிகர் பியானோ, 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்சு எனக் கொண்டு சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். கிட்டாரின் கம்பிகளையும் அதே அளவிற்குச் சேர்த்தபின்னரே பதிவைத் தொடங்கவேண்டும். இதனை மறந்து, சற்றுத் தாழ்ந்த சுருதியில் பதிந்துவிட்டால் பியானோவும் கிட்டாரும் ஒன்றையொன்று உரசும். மெய்நிகர் பியானோவின் சுருதியைச் சிறிது இறக்கி அக்குறையைச் சரிசெய்யலாம். ஆயினும் கம்பிகளே ஒன்றோடொன்று சேராதிருந்தால் அதற்கு மருந்தில்லை.

அடுத்தது காலம். மாணவி தன் மெட்டுக்கு நிமிடத்திற்கு 80 தட்டுகள் என வேகத்தை வகுத்தாள். அவ்வேகத்தில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று சரியாக மூன்று நொடிகளில் முடியும். மென்பொருளில் உள்ள மெட்ரோனோம் தட்டைக் காதில் கேட்டுக்கொண்டே அவள் வாசித்தாள். தட்டொலியைக் கம்பியுள்ள ஹெட்போனில் கேட்பது நல்லது. ஒலிபெருக்கியில் கேட்டால் அவ்வொலி கிட்டார் பதிவிலும் புகுந்துவிடும். கம்பியில்லா ஹெட்போனிலோ ஒலி தாமதித்து வந்து சேரும்.

ஒலிவாங்கியைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் தாழ்ந்த சுரங்கள் மிகையாக முழங்கும். கழுத்தும் உடலும் கூடும் இடத்தை நோக்கி ஒரு சாண் தொலைவில் வைத்தால் ஒலி தெளிவாக அமையும். மின்விசிறியை நிறுத்திவிடுதல் வேண்டும். ஷில்லாங்கில் தகரக் கூரையின்மீது மழை விழும் நேரமும் பதிவுக்கு ஏற்றதன்று. ஒலியளவு உச்சவரம்பைத் தொடாதவாறு சற்றுத் தாழ்வாகவே பதிதல் நலம். வரம்பை மீறிய ஒலியின் தலை வெட்டுண்டு கரகரக்கும். அதனை மீட்பது அரிது.

தட்டச்சுப் பலகையில் இசை

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆடாசிட்டி போன்றவை ஒலியைப் பதிந்து திருத்துவதற்கு உரியவை. ஒலியையும் மிடிக் குறிப்பையும் ஒருங்கே கையாளும் மென்பொருளே இப்பணிக்கு ஏற்றது. ஆப்பிள் கணினிகளுக்கான கராஜ்பேண்ட், கட்டற்ற மென்பொருளான ஆர்டோர் முதலியன இவ்வகையின. 'கராஜ்' என்பது கார்க் கொட்டகையைக் குறிக்கும் சொல் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மென்பொருளில் 'மெய்நிகர் கருவித் தடம்' ஒன்றைத் திறந்து பியானோவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். யு.எஸ்.பி. வடத்தால் இணையும் சிறிய கீபோர்டு இருந்தால் அதில் வாசிக்கலாம். இல்லையெனினும் தாழ்வில்லை. கராஜ்பேண்ட் போன்றவற்றில் கணினியின் தட்டச்சுப் பலகையே இசைப்பலகையாகும். ஏ, எஸ், டி, எஃப் என்னும் வரிசை பியானோவின் வெள்ளை விசைகள். அதன் மேல்வரிசையில் டபிள்யூ, ஈ, டி, ஒய், யு ஆகியன கறுப்பு விசைகள். ஆனால் தட்டச்சு விசை, விரல் மெல்லப் பட்டதா வலிந்து பட்டதா என்பதை அறியாது. எல்லாச் சுரங்களும் ஒரே அழுத்தத்தில் பதியும். அதனைப் பின்னர்க் கையால் திருத்தவேண்டும்.

மாணவிக்கு இங்கே ஒரு குழப்பம் நேர்ந்தது. அவள் கிட்டாரில் பிடித்தவை ஜி, டி, ஈ மைனர், சி என்னும் சுரக்கூட்டுகள். அவற்றையே பியானோவிலும் அழுத்தினாள், ஒலி பொருந்தவில்லை. கிட்டாரின் இரண்டாம் ஃபிரெட்டில் அவள் கேப்போ மாட்டியிருந்ததே காரணம். கேப்போ எல்லாக் கம்பிகளையும் இரண்டு அரைச்சுரம் உயர்த்திவிடும். கை ஜி என்று பிடித்தாலும் செவியில் விழுவது ஏ. எனவே பியானோவில் ஏ, ஈ, எஃப் ஷார்ப் மைனர், டி என வாசித்தல் வேண்டும். மீண்டும் வாசிக்கவேண்டிய தேவை அவளுக்கு எழவில்லை. பதிந்த குறிப்புகள் அனைத்தையும் இரண்டு எண் கூட்டுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிட்டாள். 67 என்பது 69 ஆயிற்று. ஜி என்பது ஏ ஆயிற்று.

காலத் தாழ்வு

விசையை அழுத்திய கணத்திற்கும் ஒலி செவியை எட்டும் கணத்திற்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. கணினி அளவுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல், ஒரு கூடையில் நிரப்பி அனுப்புவதுபோல் தொகுத்து அனுப்புகிறது. அக்கூடையைப் 'பஃபர்' என்பர். கூடையின் கொள்ளளவு 1,024 எனில் ஏறத்தாழ 23 மில்லிநொடித் தாழ்வு உண்டாகும்; 256 எனில் ஏறத்தாழ 6 மில்லிநொடியே.

இவ்வளவை உணர ஓர் ஒப்புமை உதவும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆறு மில்லிநொடித் தாழ்வு என்பது, உடன் வாசிப்பவர் இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதற்கு நிகர். இருபத்து மூன்று மில்லிநொடி என்பது எட்டு மீட்டருக்கு நிகர். முன்பு தோழி அமர்ந்திருந்த நாற்காலியும் இரண்டு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. அத்தாழ்வை எவரும் குறையாக உணர்ந்ததில்லை. ஆகவே வாசிக்கும்போது பஃபரைச் சிறிதாக்கியும், எல்லாத் தடங்களையும் கலக்கும்போது கணினி திணறாதவாறு பெரிதாக்கியும் வைத்துக்கொள்ளவேண்டும்.

திருத்தமும் உயிரும்

மிடிக் குறிப்புகள் திரையில் நீண்ட கட்டைகளாகத் தோன்றும். இத்திரைக்குப் 'பியானோ ரோல்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துளையிட்ட தாள் சுருளைச் செலுத்தினால் தானே இசைக்கும் பியானோக்கள் வழக்கில் இருந்தன. அச்சுருளின் பெயரே இதற்கு வந்தது.

காலம் தப்பிய சுரங்களை நேர்க்கோட்டில் நிறுத்த மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. அதனை 'குவாண்டைஸ்' என்பர். புதியவர்கள் முதலில் செய்யும் பிழை, எல்லாச் சுரங்களையும் இக்கட்டளையால் நூல்பிடித்தாற்போல் நிறுத்திவிடுவதே. பிழை நீங்கும்; கூடவே உயிரும் நீங்கும். மனிதக் கையால் மீட்டிய கிட்டார் சற்று முன்பின்னாக அசையும்போது, பியானோ மட்டும் கடிகாரம்போல் நடந்தால் இரண்டும் ஒட்டாமல் ஒலிக்கும். மிகவும் விலகிய சுரங்களை மட்டும் திருத்துவதும், சுற்றின் முதல் தட்டில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பின்தட்டுகளில் குறைப்பதும் நல்ல முறை.

இடம் விட்டு இசைத்தல்

சேர்ப்பதற்கு ஒலிகள் நூற்றுக்கணக்கில் கிடைப்பதால் எல்லாவற்றையும் சேர்த்துவிடும் ஆசை எழும். கிட்டார் முழுக் கூட்டுகளை மீட்டும்போது பியானோவும் அதே ஸ்தாயியில் முழுக் கூட்டுகளை வாசித்தால், இரண்டும் ஒரே இடத்திற்குப் போட்டியிட்டு ஒலி கலங்கும். அங்கே பியானோ ஒரு ஸ்தாயி மேலே சென்று இரண்டே சுரங்களை இசைத்தால் போதும். கிட்டார் ஓய்கின்ற இடத்தில் பியானோ பேசலாம். ஒன்றைச் சற்று இடப்புறமும் மற்றொன்றைச் சற்று வலப்புறமும் வைத்தால் செவி அவற்றை எளிதில் பிரித்தறியும். கிட்டார் சிறிய அறையிலும் பியானோ பெரிய கூடத்திலும் பதிந்தவையாக இருக்கக்கூடும். இரண்டிற்கும் ஒரே வகையான எதிரொலியைச் சிறிதளவு சேர்த்தால் ஒரே அறையில் ஒலிப்பதுபோல் தோன்றும். எல்லாம் முடிந்தபின், கீபோர்டு தடத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்கவேண்டும். எதையோ இழந்ததுபோல் தோன்றாவிடில், சேர்த்த ஒலி தேவையற்றது என்று பொருள்.

ஊர் கடந்த குறிப்பு

மாணவி தன் பதிவை முடித்தாள். பியானோ பிழையின்றி ஒலித்தது. ஆயினும் அது அவள் தோழியின் வாசிப்பாக இல்லை. மென்பொருள் கருவியின் ஒலியைத் தந்தது. விரல்களின் பழக்கத்தைத் தரவில்லை.

அதற்கும் மிடியே வழிகாட்டியது. கிட்டார் பதிவைச் சுருக்கிய கோப்பாக்கி, வேகம் 80 என்ற குறிப்புடன் ஜோத்பூருக்கு அனுப்பினாள். தோழி அதனைக் கேட்டவாறே தன் கீபோர்டில் வாசித்து, மிடிக் கோப்பை மட்டும் திருப்பி அனுப்பினாள். ஒரு கடிதத்தின் அளவே இருந்த அச்சிறு கோப்பை மாணவி தன் தடத்தில் தொடக்கத்திலிருந்து பொருத்தினாள். ஷில்லாங்கின் கணினியில் இருந்த பியானோ, ஜோத்பூரில் அசைந்த விரல்களின்படி இசைத்தது. ஒவ்வொரு சுற்றின் இறுதிச் சுரத்தையும் இமைப்பொழுது தாமதித்துத் தொடுவது தோழியின் வழக்கம். அத்தாமதம் திரையில் கோட்டைவிட்டுச் சற்று வலப்புறம் விலகிய கட்டைகளாகத் தெரிந்தது. மற்ற இடங்களில் சில சுரங்களைத் திருத்திய மாணவி, அவற்றை மட்டும் நகர்த்தாமல் விட்டுவிட்டாள்.

சொல்லும் பொருளும்

மெய்நிகர் – உண்மைப் பொருள் போலவே இயங்குகின்ற
சுருதி – சுரங்களுக்கு அடிப்படையான ஒலிநிலை
ஸ்தாயி – சுரவரிசை ஒருமுறை முழுமையாக அமையும் எல்லை
தாழ்வு – தாமதம்; குறை
இமைப்பொழுது – கண்ணிமைக்கும் நேரம்

இலக்கணக் குறிப்பு

கம்பியும் விசையும் – எண்ணும்மை
மீட்டிய கிட்டார் – பெயரெச்சம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பில் இசைக்கருவி வாசிப்பவர் ஒருவரின் வாசிப்பைக் கைப்பேசியில் இருமுறை பதிக. ஒருமுறை கருவிக்கு மிக அருகிலும், மறுமுறை ஒரு சாண் தொலைவிலும் வைத்துப் பதிந்து, வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.
2. வேறு ஊருக்குச் சென்றுவிட்ட நண்பருடன் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு பணியைத் திட்டமிட்டு, அவருக்குக் கடிதம் எழுதுக.

மதிப்பீடு

*சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.*

1. மிடி முறையில் பியானோவின் நடு 'சி' சுரத்தைக் குறிக்கும் எண்
அ) 40 ஆ) 60 இ) 64 ஈ) 127

2. நிமிடத்திற்கு 80 தட்டுகள் என்னும் வேகத்தில் நான்கு தட்டுகள் ஒலிக்க ஆகும் காலம்
அ) 2 நொடி ஆ) 3 நொடி இ) 4 நொடி ஈ) 5 நொடி

*குறுவினா*

1. லெஸ் பால் கையாண்ட அடுக்குப் பதிவு முறையில் இருந்த இடர் யாது?
2. மெட்ரோனோம் ஒலியை ஹெட்போனில் கேட்கவேண்டியதன் காரணம் என்ன?

*சிறுவினா*

1. கிட்டார் பதிவைப் புகைப்படத்திற்கும் மிடிக் குறிப்பைச் சமையல் குறிப்பிற்கும் ஒப்பிடுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. கேப்போவினால் நேர்ந்த குழப்பத்தையும் அது தீர்ந்த முறையையும் எழுதுக.

*நெடுவினா*

'பிழை நீங்கும், கூடவே உயிரும் நீங்கும்' – இக்கூற்றைப் பாடத்தின் இறுதி நிகழ்வோடு பொருத்தி விளக்குக.